சந்தேகம் வந்தால்தான் சோதனையா?

சிங்கப்பூரில் 18 வயதானால் கார் ஓட்டும் உரிமம் எடுக்கலாம். அதே 18 வயதில் மதுபானமும் வாங்கலாம். இந்த இரண்டு உரிமைகளையும் ஒருவர் ஒரே இரவில் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் கடுமையானதும்கூட. மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டி முதல் முறை பிடிபட்டாலே 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஓட்டும் தகுதியும் பறிபோகும்.

ஆனால், தண்டனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பிடிபடுபவருக்குத்தான் அது பொருந்தும். பிடிபடாமல் வீடு போய்ச் சேர்ந்தவருக்கு அது வெறும் செய்தி.

நம் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, போக்குவரத்துக் காவல்துறை அதிகாரி நினைத்த மாத்திரத்தில் எந்த ஓட்டுநரையும் கருவியில் ஊதச் சொல்ல முடியாது. அவர் மது அருந்தியிருக்கிறார் என்றோ, சாலைக் குற்றம் புரிந்தார் என்றோ, விபத்தில் சம்பந்தப்பட்டிருக்கிறார் என்றோ சந்தேகிக்க நியாயமான காரணம் வேண்டும். எனவே, சாலைத் தடுப்பில் நிறுத்தப்படும் ஓட்டுநரிடம் அதிகாரி முதலில் பேச்சுக் கொடுக்கிறார். வாடை வீசுகிறதா, கண் சிவந்திருக்கிறதா, நாக்கு குழறுகிறதா என்று கவனிக்கிறார். சந்தேகம் எழுந்தால்தான் கருவி வெளியே வரும். அதில் வரம்பு மீறியதாகத் தெரிந்தால், நீதிமன்றத்துக்கான ஆதாரம் பின்னர் முறையான இயந்திரத்தின்மூலமோ ரத்தப் பரிசோதனையாலோ பெறப்படும்.

முரண்பாடு இங்கேதான். சட்டம் வரம்பை எண்ணில் வைத்திருக்கிறது: 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம். ஆனால், அந்த எண்ணை அளக்கலாமா வேண்டாமா என்பதைக் கண்ணும் மூக்கும் முடிவு செய்கின்றன. 40 மைக்ரோகிராம் உள்ள ஒருவர் தெளிவாகப் பேசி, சிரித்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போகலாம். அடிக்கடி குடித்துப் பழகியவருக்கு அது இன்னும் எளிது. அதாவது, ஆபத்தான பழக்கம் உள்ளவரே நம் சோதனை முறையில் தப்பிக்க அதிக வாய்ப்புள்ளவர்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரிலேயே வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கு காவல்துறை சந்தேகமே இல்லாமல் எந்த ஓட்டுநரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். பிடிபடுவோரின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் அதன் நோக்கமன்று. ‘இன்றிரவு என்னையும் நிறுத்தலாம்’ என்ற எண்ணம் கிளம்பும் முன்பே ஒவ்வொருவர் மனத்திலும் வரவேண்டும் என்பதே முக்கியம்.

எதிர்ப்பு இல்லாமல் இருக்காது. குற்றமற்றவரை ஏன் சோதிக்க வேண்டும், போக்குவரத்து நெரிசல் ஏற்படாதா, தனியுரிமை என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விகள்தாம். ஆனால், விமான நிலையத்தில் எல்லாருடைய பையும் இயந்திரத்துக்குள் போகிறது. அதனால் யாரும் தம்மைக் குற்றவாளியாக நினைப்பதில்லை. ஊதுவதற்குச் சில விநாடிகள் போதும். ஒவ்வொரு காரையும் நிறுத்த வேண்டியதில்லை, ஐந்தில் ஒன்று அல்லது பத்தில் ஒன்று என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளலாம். தேர்வு எண்ணிக்கைப்படி நடந்தால், முகத்தையோ பேச்சையோ பார்த்து யாரையும் எடைபோட வேண்டிய அவசியமும் அதிகாரிக்கு இருக்காது. ஓட்டுநருக்கும் ‘என்னை மட்டும் ஏன்?’ என்ற மனக்கசப்பு வராது. இதை ஓர் அத்துமீறலாக அல்ல, சமத்துவமாகவே நான் பார்க்கிறேன்.

சட்டம் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ‘வரம்புக்குள்தான் இருக்கிறேன்’ என்று நண்பர் சாவியை எடுத்தால் அவருக்கு ஒன்றை நினைவூட்டுங்கள். மலேசியா 2020ல் தன் வரம்பை 35லிருந்து 22 மைக்ரோகிராமுக்குக் குறைத்துவிட்டது. இங்கே 30 மைக்ரோகிராமுடன் வரம்புக்குள் இருப்பவர், கடற்பாலத்தைத் தாண்டினால் குற்றவாளி. எண் நாட்டுக்கு நாடு மாறலாம். மது மூளையைத் தாமதப்படுத்துவது எந்த எல்லையிலும் மாறாது. காப்பி குடித்தாலும் முகம் கழுவினாலும் அது இறங்காது. நேரம் ஒன்றுதான் மருந்து.

அந்த நேரம்வரை சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.