அளவறிந்து ஏறுக

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை வழியாக ஹற்றனுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் அமைந்தது கினிகத்தேனை. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரிகரின் வாகனங்கள் இவ்வூரைக் கடந்து சென்றவண்ணம் இருக்கும். அக்காலத்தில் மாணவர் நம்மிடம் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு. “எந்தப் பாதையால் ஏறினால் பெருமை?” என்பதே அது. “எந்தப் பாதை எமக்குப் பொருந்தும்?” என்று கேட்பவர் மிகச் சிலரே. இவ்விரு வினாக்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை இன்று சிறிது அளந்து பார்ப்போம்.

பெருமை பற்றிய இந்த எண்ணம் புதியதன்று. 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த மொறொக்கோ நாட்டுப் பயணி இபுனு பத்தூத்தா இம்மலைக்கு இரண்டு பாதைகள் இருந்தன என்று எழுதியுள்ளார். ஒன்று தந்தையாகிய ஆதமின் பெயரால் அமைந்த கடும்பாதை. மற்றது தாயின் பெயரால் அமைந்த எளிய பாதை. இறங்கும்போது எளிய பாதையால் வருதல் வழக்கம். ஏறும்போதே அதனால் சென்றவரை, யாத்திரை செய்தவராகவே மக்கள் கொள்ளவில்லையாம்! எளிய வழியை இகழும் மனம் அன்றே இருந்தது.

ஆயினும் அதே பயணி எவ்வாறு புறப்பட்டார் என்பதையும் நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கு ஒன்றை அளித்தான். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் வழக்கமுடைய யோகிகள் நால்வரையும், அந்தணர் மூவரையும், தன் பரிவாரத்தினர் பதின்மரையும், உணவு சுமப்போர் பதினைவரையும் உடன் அனுப்பினான். உலகம் சுற்றிய மனிதரே வழியறிந்த துணையின்றிப் புறப்படவில்லை என்பது நமது இளைஞர் கருத்திற் கொள்ளத்தக்கது.

வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், செயலின் வன்மை, தன் வன்மை, எதிரியின் வன்மை, துணைவரின் வன்மை ஆகிய நான்கையும் எடைபோட்டே ஒரு செயலில் இறங்கச் சொல்கின்றார். அரசனுக்குச் சொன்ன அறிவுரையாயினும், மலையேறுவோனுக்கும் அது முற்றும் பொருந்தும்.

முதலாவது, மலையின் வன்மை. சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து புறப்படுவோர் ஏறவேண்டிய உயரம் சுமார் 1,000 மீற்றர். படிகளோ 5,000க்கும் மேற்பட்டவை. இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தலைப் பாதையின் அடிவாரம் மிகத் தாழ்ந்தது. ஆதலின் அவ்வழியில் ஏற்றம் ஏறக்குறைய இருமடங்காகும். மலையின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாது, “எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம்?” என்று கேட்டறிதல் வேண்டும். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்பவர் 1892இல் ஒரு கணக்கு வகுத்தார். இன்றைய அளவையிற் கூறின், ஐந்து கிலோமீற்றர் நடைக்கு ஒரு மணி. 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. இது திடகாத்திரமானவர்க்கு உரிய கணக்கு. ஓய்வு நேரம் இதிற் சேராது. குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பம் அதனை ஒன்றரை மடங்காகவோ இருமடங்காகவோ பெருக்கிக்கொள்வது நன்று.

இரண்டாவது, தன் வன்மை. “நாம் மலைநாட்டார், நமக்கு ஏது பயிற்சி?” என்பார் உளர். கொழுந்துக் கூடையுடன் நாள்தோறும் சரிவில் ஏறி இறங்கும் தாய்மாருக்கு அவ்வுரை பொருந்தலாம். பஸ்ஸில் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் சென்று வரும் அவர்தம் மக்களுக்குப் பொருந்துமா? இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. அருகிலுள்ள ஏற்றப் பாதை ஒன்றில் ஒரு மணி நேரம் நிதானமாக நடந்து பாருங்கள். நடந்துகொண்டே முழு வாக்கியம் ஒன்றைப் பேச முடிந்தால் அந்த வேகம் உங்களுக்கு ஏற்றது; சொற்கள் மூச்சுக்கு இடையே துண்டுபட்டால் வேகத்தைக் குறையுங்கள். மறுநாள் காலையில் முழங்கால் என்ன சொல்கின்றது என்பதையும் கேளுங்கள். ஏறும்போது களைப்பது நெஞ்சு. இறங்கும்போது நோவது முழங்கால். இறக்கத்துக்கும் பலம் மிச்சம் வைத்தவனே கணக்கறிந்தவன். பயணத்துக்கு ஆறு அல்லது எட்டு வாரம் முன்பே வாரம் மூன்று நாள் நடக்கத் தொடங்குவது நலம். இதய நோய், ஆஸ்துமா, நீரிழிவு உடையோர் முன்னதாகவே வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.

மூன்றாவது, எதிரியின் வன்மை. இங்கே எதிரி மழையும் குளிரும் இருளும். ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பம் ஆறு ஏழு பாகை குறையும். வியர்வையில் நனைந்த உடலுக்கு உச்சிக் காற்று கத்தியாகும். மாற்றுடை ஒன்று பையில் இருக்கட்டும். யாத்திரைக் காலம் கழிந்தபின் வழிநெடுக விளக்குகளும் தேநீர்க் கடைகளும் இருக்கும் என்று நம்பிப் போகலாகாது. இமயத்தில் உயரமே நோயாகும். கயிலாய வலத்தின் டோல்மா கணவாய் 5,600 மீற்றருக்கும் மேற்பட்டது. பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேயே தோன்றும் அந்நோய் நமது மலைகளில் அச்சத்துக்குரியதன்று. ஆதலின், இங்கு ஒருமுறை ஏறியதை வைத்துக்கொண்டு அங்கும் ஏறிவிடலாம் என்று எண்ணுதல் தவறு.

நான்காவது, துணைவரின் வன்மை. சிங்கள யாத்திரிகர் குழுக்களில் பலமுறை ஏறிய முதியவர் ஒருவர் ‘நடே குரா’ என்னும் பெயருடன் தலைமை தாங்குவார். முதன்முறை வருவோரைக் கண்போலக் காப்பது அவர் பொறுப்பு. இன்று கூலி கொடுத்து வழிகாட்டியை அமர்த்துவோரும் அத்தகைமையையே தேட வேண்டும். இப்பாதையில் எத்தனை முறை சென்றீர், எத்தனை பேருக்கு நீர் ஒருவர், ஒருவருக்குக் கால் பிசகினால் என்ன செய்வீர் என்று கேளுங்கள். உங்கள் உடல்நிலையைப் பற்றி ஒன்றுமே வினவாத வழிகாட்டியை அமர்த்தாதிருப்பதே மேல்.

இனி, எதிலிருந்து தொடங்குவது? முதற்படியாக, ‘பீக்கோ’ நடைபாதையின் ஒரு பகுதியைத் தேர்ந்துகொள்ளலாம். ஹந்தானையில் தொடங்கி, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை எனத் தோட்டங்களூடே சென்று நுவரெலியாவில் முடியும் அப்பாதை 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அடுத்தபடி, ஹோட்டன் சமவெளியில் உலக முடிவைக் கண்டு திரும்பும் ஒன்பது கிலோமீற்றர் வட்டநடை. அதன்பின் நல்லதண்ணிப் பாதை. இவை கைவந்த பின்னரே இரத்தினபுரிப் பாதையும், வழியறிந்தவர் துணையுடன் நக்கிள்ஸ் காடுகளும்.

குழுவாகச் செல்வோர் மற்றொன்றையும் மறக்கலாகாது. வல்லவனின் காலையன்று, மெலியவனின் காலை வைத்தே பாதையைத் தெரிவு செய்தல் வேண்டும். பன்னிரு மாணவர் சேர்ந்து கடும்பாதையைத் தேர்ந்தால், மூச்சிரைப்பு உள்ள பதின்மூன்றாமவன் நாணத்தால் தன் நோயை மறைத்துக்கொண்டு உடன் வருவான். மலைச்சரிவில் நள்ளிரவில் அவ்வுண்மை வெளிப்படும்போது அருகில் வைத்தியசாலை இராது. “என்னால் இயலாது” என்று ஒருவன் அச்சமின்றிச் சொல்லக்கூடிய குழுவே பாதுகாப்பான குழு. பாதிவழியில் திரும்புவதும் மலையேற்றத்தின் ஒரு பகுதியே. மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

நமது அயலிலுள்ள அம்பகமுவையின் பாறைச் சாசனம், முதலாம் விஜயபாகு மன்னன் (1055–1110) இம்மலை யாத்திரிகரின் உணவுக்கெனக் கிராம வருவாயை அளித்த செய்தியைச் சொல்கின்றது. நடப்போரின் துன்பத்தைக் கண்ட அரசன், அதனைத் தாங்குவது வீரமென்று புகழ்ந்து நிற்கவில்லை. துன்பத்தைக் குறைக்கவே முயன்றான். எளிய பாதையை இகழ்வோர் இதனைச் சிந்திப்பாராக.

உச்சியிலே ஒரு மணி உண்டு. எத்தனையாம் முறை ஏறினரோ அத்தனை முறை அதனை அடிப்பது மரபு. ஒருமுறை அடிப்போரும் முப்பது முறை அடிப்போரும் அங்கே அருகருகே நிற்கின்றனர். எந்தப் பாதையால் வந்தாய், எத்தனை மணி நேரத்தில் வந்தாய் என்று அம்மணி எவரையும் கேட்பதில்லை.