சிரித்தோம், பிறகு சிந்தித்தோம்

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் எதைக் கண்டு சிரிக்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது அரிது. எங்களிடம் அக்கேள்வியைக் கேட்டவர் எங்கள் தோழி ஒருத்தியின் தாயார்.

சென்ற விடுமுறையில் ஒரு நாள் நாங்கள் நால்வரும் அவள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஜப்பானிய அனிமே தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரிடத்தில் நால்வரும் ஒன்றாக விழுந்து விழுந்து சிரித்தோம். சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து வந்த அம்மா திரையைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு செத்துப்போச்சா?" என்றார். "ஆமாம்மா" என்றோம். "அப்ப எதுக்கும்மா சிரிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எங்களால் பதில் சொல்ல இயலவில்லை. அந்தப் பதிலைத் தேடியே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

நாங்கள் பார்த்த தொடர் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜப்பானில் ஒளிபரப்பானது. 'நிஞ்ஜாவும் கொலைகாரியும் சேர்ந்து வாழும் வாழ்க்கை' என்று அதன் பெயருக்குப் பொருள் கூறலாம். நிஞ்ஜா என்போர் பழைய ஜப்பானில் ஒற்று வேலையில் தேர்ந்தவர்கள். அத்தகையோர் வாழும் ஊரிலிருந்து தப்பி ஓடிவருகிறாள் சதோகோ என்னும் பெண். வெளியுலகம் அறியாதவள், பசியால் வாடுகிறாள். அவளுக்கு இடம் கொடுக்கிறாள் கொனோஹா என்னும் பள்ளி மாணவி. அவளோ கூலிக்குக் கொலை செய்பவள். சதோகோவிடம் ஒரு வித்தை உண்டு. பொருள்களைத் தொட்டு இலைகளாக மாற்றிவிடுவாள். கொலைகாரிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஊரைவிட்டு ஓடிவந்தவளைத் தேடி நிஞ்ஜாப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள், கொல்லப்படுகிறார்கள், இலைகளாகிப் பறந்துபோகிறார்கள். பிறகு இருவரும் ஒன்றும் நடவாததுபோலச் சாப்பிட உட்காருகிறார்கள்.

வீட்டில் வந்து தங்கும் நிஞ்ஜா நமக்குப் புதியவர் அல்லர். ஃபுஜிகோ ஃபுஜியோ 1964இல் சித்திரக் கதையாகத் தொடங்கிய ஹத்தோரியை நம்மில் அறியாதவர் யார்? ஒரு சாதாரணக் குடும்பத்தோடு தங்கி, அவ்வீட்டுச் சிறுவனுக்குத் துணை நின்று, தவளையைக் கண்டால் நடுங்கும் அந்தக் குட்டி நிஞ்ஜா நம் நாட்டுத் தொலைக்காட்சியில் பெற்ற வரவேற்பு பெரிது. 2012இல் வந்த புதிய தொடர் இந்திய நிறுவனம் ஒன்றின் கூட்டுறவோடேயே உருவாயிற்று. அந்த வீட்டில் யாரும் சாகவில்லை. ஆகவே, அழகிய முகங்களும் பளிச்சென்ற வண்ணங்களும் கொண்ட இப்புதிய தொடரைப் பார்க்க உட்காருபவர் அதே இனிமையை எதிர்பார்ப்பது இயல்பே. அங்கேதான் அதிர்ச்சி காத்திருக்கிறது.

இத்தொடரைப் பார்த்தவர்கள் ஒரே மாதிரி எண்ணவில்லை. சிலர் இதைப்போல் சிரித்ததே இல்லை என்றார்கள். சிலர், இளம்பெண்களை இப்படி ஈசல்போல் மடியவிடுவதில் என்ன வேடிக்கை என்று முதல் பகுதியோடு நிறுத்திக்கொண்டார்கள். வேறு சிலர், வரைந்த கோடுகளுக்கு உயிர் ஏது, வருந்துவானேன் என்றார்கள். இம்மூன்று கருத்துகளும் எங்கள் நால்வருக்குள்ளேயே இருந்தன. வழக்காடிக் களைத்தோம்.

எங்களுக்குக் கைகொடுத்தது தமிழ்ப் பாட வகுப்பு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்து, நகையை முதலிலும் அழுகையை அடுத்தும் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகைக்குக் காரணம் என்றார். இழவையோ அழுகைக்குரிய நான்கினுள் சேர்த்தார். சதோகோவின் ஒன்றுமறியாப் பேதைமையைக் கண்டு சிரித்தால் அது இலக்கணத்துக்கு உட்பட்ட சிரிப்பு. ஆனால் இழவைக் கண்டு நாம் எப்படிச் சிரித்தோம்? அழுகையின் வீட்டுப் பொருளை நகையின் வீட்டில் கொண்டுவந்து வைத்தவர் யார்?

இத்தொடரைத் தயாரித்தது ஷாஃப்ட் நிறுவனம். இயக்கியவர் யுகிஹிரோ மியாமோட்டோ. இதே நிறுவனம் 2011இல் 'மடோகா மாகிகா' என்னும் தொடரை வெளியிட்டது. அதிலும் மியாமோட்டோ தொடரியக்குநராகப் பணியாற்றினார். அதிலும் இனிய முகம் கொண்ட பள்ளிச் சிறுமியர். அதிலும் மூன்றாம் பகுதியிலேயே எதிர்பாராத ஒரு மரணம். ஆனால் அன்று பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள், கண் கலங்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை. நிறுவனமும் ஒன்று, மரணமும் ஒன்று. அங்கே கண்ணீர், இங்கே சிரிப்பு. ஏன்?

நாங்கள் கண்ட விடை இது. அங்கே இறந்தவளுக்காக அழ, கதைக்குள் ஒருத்தி இருந்தாள். அவள் இல்லாத வீட்டின் வெறுமை அவளுடைய தோழிக்குத் தெரிந்தது. இங்கே இறந்தவளுக்காக அழ யாரும் இல்லை. ஒருத்தி வருகிறாள், தன் திறமையைக் காட்டுகிறாள், இனி இவள் பல பகுதிகளுக்கு வருவாள் என்று நாம் எண்ணும் வேளையில் முடிந்துபோகிறாள். எதிர்பார்ப்பு சட்டென்று முறியும்போது சிரிப்பு வெடிக்கிறது. உடனே உடல் இலையாகிவிடுகிறது. இரத்தக் கறை இல்லை, அடக்கம் இல்லை, தேடிவரும் தாய் இல்லை. நாம் வருந்துவதற்கு வேண்டிய அத்தனையையும் அந்த இலைகள் துடைத்துவிடுகின்றன. ஆகவே நாம் மரணத்தைக் கண்டு சிரிக்கவில்லை. அழ ஆளில்லாத மரணத்தைக் கண்டே சிரித்தோம்.

இதைக் கண்டுகொண்டபின் நாங்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். இறந்த பெண்களின் பெயர்களை ஆளுக்கொரு தாளில் எழுதுவோம் என்றோம். நால்வர் தாளும் ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தன. அப்போது எங்களுள் ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "ஆறாம் வகுப்பில் பாதியிலேயே நின்றுபோனாளே, அவள் பெயர் என்ன?"

அவளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் நால்வருக்கும் உடனே நினைவுக்கு வந்தது. அதை இங்கே எழுத எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் வாய்திறந்தாலே வகுப்பு சிரித்தது, நாங்களும் சிரித்தோம். ஒரு நாள் அவள் வரவில்லை. பிறகு வரவே இல்லை. அவளுடைய இடத்தில் வேறொருத்தி அமர்ந்தாள், பாடம் நடந்தது. அவளுடைய உண்மைப் பெயரை நினைவுக்குக் கொண்டுவர எங்களுக்கு நெடுநேரம் பிடித்தது. ஒருவரை இலையாக்க வித்தை எதுவும் வேண்டியதில்லை, தோழியரே! ஒரு வகுப்பு சேர்ந்து சிரித்தால் போதும்.

அப்படியானால் இத்தகைய தொடர்களைத் தடை செய்துவிடலாமா என்று பெற்றோர் கேட்கலாம். சிறு வகுப்புத் தங்கையருக்கு இது ஏற்றதன்று என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் வளர்ந்த பெண்களிடமிருந்து பெட்டியை அணைத்துவிடுவதால் மட்டும் பயன் விளையாது. எங்களைச் சிந்திக்க வைத்தது தடை அன்று. ஒரு தாய் கேட்ட ஒரே ஒரு கேள்வி. ஆகவே பெற்றோரையும் அருட்சகோதரியரையும் பணிவோடு வேண்டுகிறோம்: சில நேரம் எங்கள் அருகில் வந்து அமருங்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி எங்களை உறுத்தட்டும்.

தோழியரே, சிரிப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. சிரிப்பில்லாத பள்ளிக்கூடம் பாலைவனம். சிரித்து முடித்தபின் ஒரு நொடி நின்று, இப்போது இலையாகிப் பறந்தது யார் என்று திரும்பிப் பார்ப்போம். பெயர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

அன்று பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு அடுத்த வாரம் நாங்கள் நால்வரும் சென்று விடை கூறினோம். "அவ பேரைக்கூட நாங்க கவனிக்கலம்மா. அதனாலதான் சிரிச்சிட்டோம்" என்றோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்களைக் கூடத்தில் உட்காரவைத்துக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். தாமும் எங்கள் பக்கத்திலேயே அமர்ந்துகொண்டார்.