பிள்ளைகளும் நாமும்: ஓடைக்கரைத் தேவதைகள்

இப்பகுதியில் திங்கள்தோறும் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசி வருகிறோம். பெற்றோர் பலரும் ஒருமுறையேனும் எண்ணிக் கலங்கும் ஒரு பொருளை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். பூங்காவிற்குச் சென்று திரும்பிய குழந்தை, அங்குள்ள மரப்பொந்தில் ஒரு குட்டித் தேவதை குடியிருப்பதாகவும், அது தன்னோடு பேசியதாகவும் சொல்கிறது. பொய் என்று கண்டிப்பதா? மெய் என்று தலையாட்டுவதா? நூறாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இவ்வினாவுக்கு ஒளி தருகிறது.

யார்க்ஷயர் பகுதியில், பிராட்போர்டு நகருக்கு அருகே, காட்டிங்லி என்றோர் ஊர் உண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-ஆம் ஆண்டில், பிரான்சிஸ் கிரிஃபித்ஸ் என்னும் 9 வயதுச் சிறுமி, தென்னாப்பிரிக்காவிலிருந்து தன் தாயுடன் அங்கே வந்து சேர்ந்தாள். தந்தை படையில் பணிபுரிந்தமையால், தாயும் மகளும் தாயின் உடன்பிறந்தாள் வீட்டில் தங்கினர். அவ்வீட்டுப் பெண் எல்சி ரைட்டுக்கு அப்போது வயது 16. நாடு புதிது, குளிர் புதிது, முகங்களும் புதியவை. பெயர்ந்து வந்த அக்குழந்தைக்குப் புகலிடமாக அமைந்தது, தோட்டத்தின் பின்புறம் ஓடிய ஒரு சிற்றோடை. பிறந்த ஊரை விட்டுப் பிள்ளைகளோடு பெயர்ந்து வாழும் நமக்கு இஃது எளிதில் விளங்கும்.

ஓடைக்குச் சென்றபோதெல்லாம் பிரான்சிஸின் காலணியும் உடையும் நனைந்தன. வீட்டில் வசை கிடைத்தது. அங்கே ஏன் போகிறாய் என்று கேட்டவர்களிடம், தேவதைகளைக் காணப் போகிறேன் என்றாள். பெரியவர்கள் நகைத்தனர். தங்கைக்குப் பரிந்து நின்ற எல்சி, தன் தந்தையின் புகைப்படக் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவளுடன் ஓடைக்குச் சென்றாள். அன்று எடுத்த கண்ணாடித் தகட்டை இருட்டறையில் கழுவிப் பார்த்த தந்தை திகைத்தார். பிரான்சிஸின் முகத்துக்கு முன்னே நான்கு குட்டித் தேவதைகள் ஆடிக்கொண்டிருந்தன! சில வாரங்கள் கழித்து எடுத்த இரண்டாம் படத்தில் எல்சியின் அருகே சிறகு முளைத்த குள்ளன் ஒருவன் தோன்றினான். இது பெண்களின் குறும்பு என்று ஐயுற்ற தந்தை, கருவியை மீண்டும் தர மறுத்துவிட்டார். படங்கள் வீட்டிலேயே கிடந்தன.

செய்தி அவ்வளவில் நின்றிருந்தால், குடும்பத்தார் கூடும்போதெல்லாம் சொல்லிச் சிரிக்கும் வேடிக்கையாக முடிந்திருக்கும். 1919-ஆம் ஆண்டில் எல்சியின் தாய் பிராட்போர்டில் நடந்த பிரம்மஞான சபைக் கூட்டமொன்றுக்குச் சென்று, அங்கே இப்படங்களைப் பற்றிக் கூறினார். சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அதே சபைதான். அச்சபையின் முன்னணியாளருள் ஒருவரான எட்வர்டு கார்ட்னர் படங்களைப் பெற்று ஆராயத் தொடங்கினார். அவர் வழியாக அவை ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலின் கைக்கு எட்டின.

கோடாக் நிறுவனத்தார் படங்களைப் பார்வையிட்டு, அவை மெய்யானவை என்று சான்று அளிக்க மறுத்துவிட்டனர். ஆயினும், தகட்டில் எவ்விதக் கைவேலையும் இல்லை என்று வேறொரு வல்லுநர் கூறியது டாயிலுக்குப் போதுமானதாயிற்று. 1920 டிசம்பரில் ‘ஸ்டிராண்ட்’ மாத இதழில் அவர் எழுதிய கட்டுரை படங்களுடன் வெளிவந்தது. சிறுமியர் பெயர்களை மாற்றியே எழுதியிருந்தார். எனினும் செய்தியாளர்கள் விரைவிலேயே அவ்வீட்டைக் கண்டுபிடித்துவிட்டனர். இதற்கிடையில், அவ்வாண்டுக் கோடையில் கார்ட்னர் கருவிகளையும் அடையாளமிட்ட தகடுகளையும் தந்து மேலும் படங்கள் வேண்டினார். மூன்று படங்கள் கிடைத்தன. 1922-இல் டாயில் இதைப் பற்றித் தனி நூலே எழுதி வெளியிட்டார்.

தகட்டில் கைவேலை இல்லை என்ற கூற்று உண்மையே. கருவியின் முன்னே நின்றவைதாம் பொய்! சித்திரக்கலை பயின்ற எல்சி, 1914-இல் வெளிவந்த ‘இளவரசி மேரியின் பரிசுப் புத்தகம்’ என்ற சிறுவர் நூலிலிருந்த ஆடல் மகளிரைப் பார்த்து வரைந்து, சிறகுகள் சேர்த்து, காகிதத்தைக் கத்தரித்து, தொப்பி ஊசிகளால் செடிகளுக்கிடையே நிறுத்தியிருந்தாள். முதற்படத்தில் பின்னே விழும் அருவி அசைவினால் மங்கியிருக்க, ஆடும் தேவதைகளின் சிறகுகளோ தெளிவாக இருந்தன. இதைக் கண்டு தெளிய ஹோம்ஸ் வேண்டுவதில்லை. அப்பரிசுப் புத்தகத்தில் டாயிலின் கதையொன்றும் இடம்பெற்றிருந்தது என்பது இன்னும் வியப்பு.

டாயிலை எள்ளி நகையாடுவது எளிது. ஆவியுலகில் அவருக்கு நெடுநாளைய நாட்டம் உண்டு. போரிலே புண்பட்டிருந்த அவர் மகன் கிங்ஸ்லி 1918-இல் நோயுற்று இறந்தான். கண்ணுக்குத் தெரியாத உலகம் ஒன்று உண்டு என்பதற்குச் சான்று தேடித் தவித்த உள்ளம், சிறுமியரின் விளையாட்டைச் சான்றாகப் பற்றிக்கொண்டது. அவருடைய துயரத்தை நாம் மதிப்போம். ஆனால், அத்துயரத்தின் சுமையைத் தாங்கியவர்கள் இரண்டு பெண்கள் என்பதையும் மறத்தலாகாது.

எவ்வளவு காலம் தாங்கினர்? படங்களில் இருந்தவை காகிதச் சித்திரங்களே என்று அவர்கள் ஒப்புக்கொண்டது 1983-ஆம் ஆண்டில். முதற்படம் எடுத்து 66 ஆண்டுகள் கடந்திருந்தன. பிரான்சிஸ் 1986-இலும் எல்சி 1988-இலும் மறைந்தனர். அவ்வளவு பெரிய மனிதர் நம்பி எழுதிய பின்னர், எல்லாம் விளையாட்டு என்று சொல்ல நாணமாகவும் அச்சமாகவும் இருந்தது என்பதே அவர்கள் தந்த விளக்கம். ஒருவரை வஞ்சிக்க வேண்டும் என்று அவர்கள் தொடங்கவில்லை. தம்மை நகைத்த வீட்டாருக்கு ஒரு மறுமொழி சொல்ல விரும்பினர், அவ்வளவே. பெரியவர்கள் அதைத் தம் கையில் எடுத்துக்கொண்டபின், விளையாடியவர்களுக்கு அதை முடித்து வைக்கும் உரிமை இல்லாமற் போயிற்று.

இன்னொரு செய்தியும் உண்டு. ஐந்தாவது படம் மட்டும் மெய்யானது என்றும், அவ்வோடைக்கரையில் தான் தேவதைகளைக் கண்டது உண்மையே என்றும் பிரான்சிஸ் இறுதிவரை கூறிவந்தார். அப்படத்திலும் மாயம் இருந்தது என்பது எல்சியின் கூற்று. ஆயினும், ஊரும் உறவும் புதியனவாயிருந்த நாளில் ஓடையின் நீரொலி அச்சிறுமிக்கு ஏதோ ஒன்றைத் தந்தது என்பதை நாம் ஏன் மறுக்க வேண்டும்? அதைக் கேட்டு மகிழ ஒருவர் இருந்திருந்தால், புகைப்படத்திற்குத் தேவையே எழுந்திராது.

நம் இல்லங்களுக்கு இதிலிருந்து கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, குழந்தையின் கற்பனையை நீதிமன்றத்தில் நிறுத்துதல் வேண்டா. ‘பொய் சொல்லாதே’ என்ற அதட்டல் குழந்தையைச் சான்று தேட வைக்கிறது. ‘அந்தத் தேவதை என்ன உண்ணும்? மழை வந்தால் எங்கே ஒதுங்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை மரத்தை இன்னும் கூர்ந்து நோக்கும். பொந்தில் குடியிருக்கும் கிளியையும், பட்டையில் ஊரும் எறும்பையும் காணும். நீர்நிலைகளின் கரையிலே ஏழு கன்னிமாரை வைத்து வணங்கிய மரபில் வந்தவர்கள் நாம். பாட்டி சொன்ன அக்கதைகளைத் தமிழிலே சொல்வதற்கும் அதுவே தக்க தருணம். தில்லியிலும் மும்பையிலும் பல மாடிக் குடியிருப்புகளில் வாழும் பிள்ளைக்கு, தெருமுனை வேப்பமரமே காடாகலாம்.

இரண்டாவது, அவ்விளையாட்டை உலகிற்குக் காட்ட விரைதல் வேண்டா. இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் புகைப்படக் கருவி கைபேசியாக இருக்கிறது. ஊரிலுள்ள தாத்தா பாட்டி மகிழட்டும் என்று அனுப்பும் சிறு காட்சி, மாலைக்குள் முகமறியாத பலரைச் சென்றடைகிறது. காட்டிங்லிப் படங்கள் பரவுவதற்கு மூன்றாண்டுகள் பிடித்தன. இன்று மூன்று நிமிடம் போதும். குழந்தை நம்மிடம் நம்பிச் சொன்ன இரகசியத்தை, அதனிடம் கேளாமல் பிறருக்கு அனுப்புவது முறையாகுமா? பத்தாண்டுகள் கழித்து அக்குழந்தை நாணத்தால் தலைகுனிய நேர்ந்தால், அதற்குப் பொறுப்பு யாருடையது?

வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அருகிலுள்ள பூங்காவிற்கு அழைத்துச் செல்லுங்கள். கைபேசி பையிலேயே இருக்கட்டும். எந்த மரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டவற்றை நீங்களும் ஓர் இரகசியமாகக் காத்து வைக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்.