உடைத்துக் கொடுங்கள், கற்றுக்கொள்வார்கள்

பல ஊர்க் கணினிகளை ஒன்றாக இணைக்கும் கிரிட் மென்பொருளை நிறுவும் பயிற்சி என்றால் பலர் மனத்தில் இருக்கும் சித்திரம் ஒன்றுதான். அச்சடித்த தாளைப் பார்த்து வரிசையாகக் கமாண்ட் அடிக்க வேண்டும். மாலைக்குள் ஒரு சின்ன ஜாப் ஓடிவிட்டால் கைதட்டிக் கலைந்துவிடலாம். இப்படிப்பட்ட வகுப்புகளில் மாணவனாக உட்கார்ந்தும் இருக்கிறேன், முன்னால் நின்று சொல்லித் தந்தும் இருக்கிறேன். நிறுவுவதுதான் இதில் ஆகச் சுலபமான வேலை. ஐரோப்பாவில் 2004 முதல் 2010 வரை நடந்த இஜிஇஇ திட்டம் தந்த ஜிலைட் மிடில்வேரில், யெய்ம் என்ற கருவிக்கு முக்கியமாக ஒரு கோப்பை நிரப்பிக் கொடுத்தால் போதுமாக இருந்தது. எந்த சர்வர் ஜாப் வாங்கும், எது தரவைச் சேமிக்கும், எந்த ஆய்வுக் குழுவுக்கு இடம் உண்டு என்று எழுதிவிட்டு ஒரு கமாண்ட். திரை நிறைய வரிகள் ஓடி நிற்கும்.

சிஸ்டம் அட்மினின் பாடு அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. செர்னின் எல்எச்சி துகள் முடுக்கி தரும் தரவைப் பகுத்துத்தரும் உலகளாவிய கிரிட்டில் 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 மையங்கள் இருக்கின்றன. நம் நாட்டில் மும்பையின் டிஐஎஃப்ஆர் அங்குள்ள சிஎம்எஸ் சோதனைக்கும், கொல்கத்தாவின் விஇசிசி ஆலிஸ் சோதனைக்கும் கணினி தருகின்றன. மும்பையில் இருக்கும் மெஷினில் இத்தாலி மாணவி ஒருத்தி எழுதிய நிரல் நள்ளிரவில் வந்து ஓடும். அந்த மெஷினின் அட்மின் அவளைப் பார்த்ததே இல்லை. உறவுக்காரர் எழுதிக் கொடுத்த கடிதத்தை நம்பி முன்பின் அறியாதவரிடம் வீட்டுச் சாவியைத் தருகிற காரியம் இது. அந்தக் கடிதம்தான் டிஜிட்டல் சர்டிபிகேட். பயிற்சியின் முக்கால்வாசி நேரம் இதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு வகுப்பில் பொறியியல் கல்லூரி லேபிலிருந்து வந்திருந்த இளைஞருக்கு எல்லாம் ஒழுங்காக ஏறிவிட்டது, ஜாப் மட்டும் போகவில்லை. "எனக்கு மட்டும் சர்டிபிகேட்டைத் தப்பா குடுத்துட்டாங்க போல சார்" என்றார். "இருக்கட்டும் தம்பி, மொதல்ல டேட்னு அடிங்க" என்றேன். அவருடைய சர்வர் பக்கத்து மெஷினைவிட ஒன்பது நிமிடம் பின்தங்கியிருந்தது.

விஷயம் இதுதான். கிரிட்டில் யாரும் தங்கள் சர்டிபிகேட்டுக்குரிய நிரந்தரக் கீயை வெளியே அனுப்புவதில்லை. அதை வைத்து வழக்கமாக 12 மணி நேரம் மட்டும் செல்லுபடியாகும் பிராக்சி என்ற தற்காலிகச் சான்று ஒன்றை உருவாக்கி அனுப்புவார்கள். ஊரெங்கும் கடிகாரங்கள் முன்னே பின்னே இருக்கும் என்று தெரிந்துதான், குளோபஸ் மென்பொருள் அந்தச் சான்றின் தொடக்க நேரத்தை 5 நிமிடம் முன்தேதியிட்டுப் போடும். ஒன்பது நிமிடம் பின்தங்கிய சர்வருக்கு அது இன்னும் பிறக்காத சான்று, ஆகவே வாசலிலேயே நிறுத்திவிட்டது. பிழைச் செய்தியோ, அங்கீகாரம் தோல்வி என்று தொடங்கிப் படிப்படியாக உள்ளே இறங்கி, உண்மைக் காரணத்தைக் கடைசி வரியில் சொல்லும். முதல் வரியைப் பார்த்ததும் சர்டிபிகேட் அலுவலகத்துக்கு மெயில் தட்டுகிறவர்கள்தான் அதிகம். லாக் கோப்பைக் கீழிருந்து படிக்கிற பழக்கத்தை அந்தத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட முடியாது.

ரத்துப் பட்டியல் இதைவிட விஷமம். எந்தெந்த சர்டிபிகேட் செல்லாது என்ற பட்டியலை ஒவ்வொரு சர்வரும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக இறக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தானியங்கி வேலை நின்றுபோனால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பட்டியலுக்குக் கொடுத்த கெடு முடிகிற நாளில், நல்ல சர்டிபிகேட் வைத்திருப்பவர் உட்பட எல்லாருக்கும் கதவு சாத்தப்படும். பயிற்சி முடிந்து ஊர் போய் வாரக்கணக்கில் கழித்து வருகிற இந்த நோயை வகுப்பிலேயே காட்ட ஒரு வழி உண்டு. மாணவர்கள் காபி குடிக்கப் போகும்போது, காலாவதியான பழைய பட்டியல் ஒன்றைச் சத்தமில்லாமல் அவர்கள் மெஷினில் வைத்துவிடலாம். பின்னாலேயே வந்து திட்டுவார்கள். திட்டினால் நல்லது, மறக்க மாட்டார்கள்.

இத்தாலியின் கத்தானியாவில் அணு இயற்பியல் ஆய்வு நிறுவனமான ஐஎன்எஃப்என் 2004-இல் தொடங்கிய கில்டா, பயிற்சிக்கென்றே தனி கிரிட்டையும் சர்டிபிகேட் வழங்கும் தனி அமைப்பையும் வைத்திருந்தது. வந்தவர்கள் உடனே சான்று வாங்கி வேலையில் இறங்கலாம். அருமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் நிஜ கிரிட்டில் வழக்கமாக அடையாள அட்டையோடு ஒரு பொறுப்பாளர் முன் போய் நின்று, அவர் சரிபார்த்த பிறகுதான் சான்று கிடைக்கும். அந்தச் சடங்கையும் வகுப்பில் நடத்திக் காட்டினால் என்ன? கீ கோப்பை ஈமெயிலில் நண்பருக்கு அனுப்புகிற ஆள், ஒருமுறை அப்படி வரிசையில் நின்றிருந்தால் கொஞ்சம் யோசிப்பார்.

இதெல்லாம் பழங்கதை என்பார்கள். குளோபஸ் டூல்கிட்டுக்கான ஆதரவு 2018-இல் நின்றது, பயனர் சமூகம் அதை வேறு பெயரில் காப்பாற்றி வருகிறது. எல்எச்சி கிரிட்டும் சர்டிபிகேட்டிலிருந்து டோக்கனுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. டோக்கனுக்கும் தொடக்க நேரம், காலாவதி நேரம் இரண்டும் உண்டு. கடிகாரம் பின்தங்கிய சர்வர் அதையும் திருப்பி அனுப்பும்.

பயிற்சிக் கூடத்தில் கண்ணுக்கே படாத ஆசாமி ஒருவர் உண்டு: பயர்வால். அங்கே எல்லாக் கதவையும் திறந்து வைத்திருப்பார்கள். ஊருக்குத் திரும்பிய அட்மின், கிரிட்எஃப்டிபி வழியாகத் தரவு வந்துபோக 20000 முதல் 25000 வரை போர்ட் திறந்துவிடுங்கள் என்று நெட்வொர்க் பிரிவுக்குப் போய்க் கேட்பார். "ஐயாயிரமா? வெளையாடுறீங்களா?" என்பதுதான் வழக்கமான பதில். நெட்வொர்க்காரர் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்கு விளக்கம் எழுதி, மேலதிகாரி கையெழுத்துக்கு அனுப்பி, கோப்பு நகர்வதற்குள் கற்றுக்கொண்டதில் பாதி மறந்திருக்கும். பயிற்சி நடத்துகிறவர்கள் அழைப்பில் ஒரு வரி சேர்க்கலாம்: நிறுவனத்துக்கு இருவர் வர வேண்டும், அதில் ஒருவர் பயர்வாலைக் கையில் வைத்திருப்பவராக இருக்க வேண்டும். தங்குமிடச் செலவு கூடும்தான்.