கல் சும்மா இருக்காது!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று பேரவைச் செயலாளர் ஒரு மாதமாகத் துரத்தினார். வேலையில்லாத் திண்டாட்டம், வரதட்சணை, இளைஞர் கடமை என்று நல்ல தலைப்பையெல்லாம் மற்றவர்கள் பிடித்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது எங்கள் வீட்டு மீன்தொட்டி. சிரிக்காதீர்கள்! மீனைப் பற்றிக்கூட இல்லை, உள்ளே வைக்கும் கல்லையும் கட்டையையும் பற்றித்தான்.

போன வருடம் கொளத்தூரில் இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கினேன். வண்ணமீன் என்றால் நமக்குக் கொளத்தூர்தானே! மணல் கொட்டி, செடி நட்டு, பெரிய கருங்கல் ஒன்றை மணல்மேல் நிமிர்த்தி நிறுத்தினேன். ஜோராக இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி 'டமார்'! ஃபில்டர் தண்ணீர் அடித்து அடித்து அடிமணல் அரிந்து, கல் சாய்ந்து, கண்ணாடி உடைந்து, வீடெல்லாம் வெள்ளம். திருவொற்றியூர் ஆயா சும்மா விடுமா? "இன்னாடா, கடலு வாசல்ல வந்து நிக்கிறது பத்தாதுன்னு நீ வூட்டுக்குள்ளயே இட்டாந்துட்டியா?"

பிறகுதான் உறைத்தது. அஸ்திவாரம் இல்லாமல் சுவர் எழுப்பலாமா? அதுவும் டிப்ளமோ படித்துக்கொண்டு! இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் தண்ணீர் மட்டுமே சுமார் 57 கிலோ. கருங்கல் தண்ணீரைப் போல ஏறத்தாழ 2.7 மடங்கு கனம். 5 கிலோ கல், தண்ணீருக்குள்ளும் 3 கிலோவுக்கு மேல் அழுத்தும். ஆகவே கல் முதலில், மணல் பிறகு. கல் தரையில் உட்கார வேண்டும், கண்ணாடி கீறாதிருக்க அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று.

எந்தக் கல்? கடற்கரையில் பொறுக்கும் சிப்பிக்கல், பவளத்துண்டு வேண்டாம். சுண்ணாம்பு கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். நம் கெமிஸ்ட்ரி லேப் பாடம்தான்: ஒரு சொட்டு அமிலம் விட்டு நுரைத்தால் அந்தக் கல்லை ஒதுக்கிவிடு. கட்டையோ, காய்ந்திருந்தால் மிதக்கும். வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். டீ டிகாஷன் மாதிரி நிறம் விடும், பயப்படாதீர்கள். ஆனால் எண்ணூர் கழிமுகத்து அலையாத்தி மரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயில் அவை பட்டபாடு போதும்.

அழகுக்கு வழிகாட்டி ஜப்பான்காரர் தகாஷி அமானோ (1954-2015). புகைப்படக் கலைஞர். 2015-ல் லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்துக்கு நீருக்கடியில் ஒரு காடே அமைத்துக் காட்டியவர். அவர் வழியில் கற்கள் ஒற்றைப்படை. ஒன்று தலைவன், மற்றவை துணை. தலைவனை நட்ட நடுவில் வைக்காமல் சற்றே தள்ளி வைக்க வேண்டும். மணல் முன்னால் தாழ்ந்து பின்னால் உயர்ந்திருந்தால் சின்னத் தொட்டியும் ஆழமாகத் தெரியும்.

புதுத் தொட்டியில் அப்படியே மூன்று கற்களைக் கண்ணாடியை ஒட்டிக் குறுக்கே வைத்தேன். ஒரு வாரத்தில் பார்த்தால், தண்ணீர் வரும் பக்கம் மணல் குவிந்திருக்கிறது, மறுபக்கம் பள்ளம்! இதை எங்கோ பார்த்திருக்கிறோமே?

ஆமாம், நம் கரையில்தான். 1875-ல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் கற்சுவர் நீண்டது. நம் கடலோர மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரத்திலிருந்து கரை தேய்ந்தது. தடுக்கக் கல் கொட்டினார்கள். அடிமணல் அரிய, கல்லும் இறங்கியது, மேலே மறுபடியும் கல். தூண்டில் வளைவு போட்ட இடத்தில் மணல் சேர்ந்தால், வடக்கே இருக்கும் குப்பம் "எங்க மணல் எங்கே?" என்று கேட்கிறது. ஆயா சின்னப் பெண்ணாக வலை உலர்த்திய மணல் இன்று அலைக்கு அடியில்.

துறைமுகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நைனா அங்கே மூட்டை தூக்கித்தான் எனக்கு ஃபீஸ் கட்டினார். நான் சொல்வது இதுதான்: கல் வைக்குமுன் தண்ணீரின் போக்கைப் பார், கல்லுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார். என் தொட்டியில் தப்பு நடந்தால் கையை விட்டுக் கல்லை நகர்த்திக்கொள்வேன். கடலில் முடியுமா? நாளைக்கு நம்மில் எத்தனையோ பேர் சைட்டில் நின்று இத்தனை லோடு கல் என்று எஸ்டிமேட் எழுதப் போகிறோம். இத்தனை வீடு என்ற கணக்கும் அதில் வர வேண்டாமா?

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் ஒரு கண்ணாடித் தொட்டி வையுங்கள். மணலும் கல்லும் நான் கொண்டு வருகிறேன். கல் சும்மா இருக்காது என்பதை எல்லோரும் கண்ணால் பார்க்கட்டும். தொட்டி உடைந்தால் என்ன, திட்டுவதற்கு ஆயாவைக் கூட்டி வருகிறேன்!