எடைச் சீட்டு எங்கே?

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வடக்கே போகும் ஐ-5 நெடுஞ்சாலை, தேஹோன் கணவாயைத் தாண்டியதும் கிரேப்வைன் இறக்கத்தில் விழுகிறது. ஏறக்குறைய 6 சதவீதச் சரிவு. எங்களைப் போன்ற லாரிக்காரர்களுக்கு அங்கே மணிக்கு 35 மைல்தான். பிரேக் போனவர்கள் ஏறி நிற்க ஜல்லி கொட்டிய ஒதுங்குதடமும் உண்டு. நான் நாமக்கல்லில் லாரி பழகியவன். தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்கிய வண்டிகளின் கதியைப் பார்த்தவன். கிரேப்வைனில் எனக்கு வயிற்றைக் கலக்குவது லாரிகள் அல்ல, டிரெய்லரைக் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் பறக்கும் மோட்டார்ஹோம்கள், அதாவது வீட்டு வண்டிகள்தான்.

கலிபோர்னியாவில் 40 அடி நீள மோட்டார்ஹோம் வரை ஓட்டச் சாதாரண கார் லைசென்ஸ் போதும். அதிலேயே 10,000 பவுண்டு வரை டிரெய்லரும் கட்டலாம். டிரெய்லர் இழுத்தால் 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, யார் மதிக்கிறார்கள்? எடை போட்டாயா என்று கேட்பாரும் இல்லை. எடை போடுவதைத்தான் கட்டாயமாக்கச் சொல்கிறேன்.

"ஹிட்ச் 5,000 பவுண்டு தாங்கும் சார்" என்பார் விற்கிறவர். தாங்கும்தான். ஆனால் ஃபோர்டு எஃப்-53 சேஸிஸில் 22,000 பவுண்டு வண்டிக்கு, டிரெய்லரையும் சேர்த்த வரம்பு 26,000. வண்டி முழு லோடில் இருந்தால் மிச்சம் 4,000தான். நாலு கதவு ஜீப் ஒன்றை டிரெய்லரில் ஏற்றினாலே 6,000ஐ எட்டிவிடும். இன்ஜின் திணறாமல் இழுத்துவிடுவதால் ஏற்றத்தில் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் பிரேக் சூடேறி, மிதி தரைக்குப் போகும்போதுதான் தெரியும்.

லோடு ஏற்றும் விதமும் உண்டு. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். பாரம் பின்னால் போனால் டிரெய்லர் வாலாட்டும். மோட்டார்ஹோமின் பின்சக்கரத்தைத் தாண்டி நீண்டிருக்கும் உடம்பு அந்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். அப்போது கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். போகக் கூடாது. டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரின் சின்ன லிவரைக் கட்டைவிரலால் தள்ளி, டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். பின்வண்டி இழுபட்டு நேராகும். வெறும் மைதானத்தில் பழகாத கை, நெடுஞ்சாலையில் அந்த லிவரைத் தேடிக்கொண்டிருக்கும்.

இந்தப் பழக்கத்தைச் சோதிக்கும் விஷயத்தில் பிரிட்டன் பின்னுக்குப் போய்விட்டது. 1997 முதல் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் கனமான டிரெய்லர் இழுக்கத் தேற வேண்டியிருந்த தனித் தேர்வை 2021 டிசம்பரில் நீக்கிவிட்டார்கள். லாரி ஓட்டுநர் தட்டுப்பாடாம். தேர்வு நடத்துபவர்கள் லாரித் தேர்வுகளுக்குத் தேவைப்பட்டார்களாம். லாரிக்காரனான எனக்கே இது ஒப்பவில்லை.

சுற்றுலாக்காரரிடம் இவ்வளவு கெடுபிடியா என்பார்கள். இதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் எடை மேடைகள் இருக்கின்றன. ஏறி நின்றால் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு வரும். சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏறியபின் எடுத்த சீட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி வருடம் ஒருமுறை கேட்கட்டும். வாடகைக்கு எடுத்தவர் முதல் டிரக் ஸ்டாப்பிலேயே எடை போட்டு, சீட்டைப் படமெடுத்து வாடகைக் கம்பெனிக்கு அனுப்பட்டும். வரம்பு மீறியிருந்தால் டிரெய்லரை அங்கேயே கழற்றிவிட்டுப் போகட்டும்.