ஃபார்மட் செய்யும் முன் காற்றைப் பாருங்கள்

கள்ளக்குறிச்சி பக்கம் கோடையில் அடிக்கடி காதில் விழும் புகார் இது: "கம்ப்யூட்டர் அரை மணி நேரம் ஓடுது, அப்புறம் தானா ஆஃப் ஆயிடுது." பார்க்க வருபவர் உடனே சொல்வது, "வைரஸ் சார், ஃபார்மட் பண்ணணும்." பல வீடுகளில் போட்டோக்கள் அதோடு போய்விடுகின்றன. கோளாறு மட்டும் போவதில்லை.

என்னைக் கேட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கம்ப்யூட்டர் டேபிளை. கதவு வைத்த அறைக்குள் கேபினெட்டைத் தள்ளி, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிடுகிறோம். தூசி படுமென்று துணி உறை வேறு! ஃபேன் குளிர்ந்த காற்றை உண்டாக்குவதில்லை. இருக்கும் காற்றைத்தான் தள்ளுகிறது. வெளியே தள்ளிய அனல் காற்றே திரும்ப உள்ளே வந்தால் ஹீட் சிங்க் எப்படி ஆறும்? சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பல ப்ராசசர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் மெஷினையே நிறுத்திவிடும். கல்வராயன் மலை மேல், வெள்ளிமலையில் அதே மெஷின் கூடுதல் நேரம் தாங்கும். அங்கே அறைக் காற்றே குளிர்ச்சி.

கேபினெட்டை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அணையவில்லையென்றால் கோளாறு அடைபட்ட காற்றுதான். அப்போதும் அணைந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட் சிங்க் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் நீக்குங்கள். ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். பிறகுதான் எஸ்.எம்.பி.எஸ்., வைரஸ் எல்லாம். இதையெல்லாம் பார்க்காமல் ஃபார்மட் என்பவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே தீரவேண்டுமென்றால், போட்டோக்களை முதலில் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.